மூன்று ஓட்டை, இரண்டு ஒயர்

டோல்கேட் பக்கம் இன்வெர்ட்டர், வெல்டிங் மிஷின் ரிப்பேர் பார்க்கிற யாரைக் கேட்டாலும் கார்குழலி கடைக்கு வழி சொல்வார்கள். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. திருவொற்றியூர் ஹைரோட்டிலிருந்து சந்துக்குள் திரும்பினால் ஒரு ஷட்டர், உள்ளே கூரை வரை அடுக்கிய ஆசிலோஸ்கோப், மீட்டர், பவர் சப்ளை. எண்ணூரிலும் மீஞ்சூரிலும் மூடிப்போகிற கம்பெனிகள் ஏலம் விடும் சாமான்களை லாட்டாக எடுத்து வந்து, ஒவ்வொன்றாகச் சோதித்து, தேறியதை விற்பாள். தேறாததை உதிரிக்குப் பிரித்துப் போடுவாள். ஆசிலோஸ்கோப் என்றால் வேறொன்றுமில்லை, கண்ணுக்குத் தெரியாத மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் பெட்டி. ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுப்பதைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

நான் பாலகணேஷ். அதே ரோட்டில் இன்வெர்ட்டர் கடை வைத்திருக்கிறேன். தெற்கத்திக்காரன் என்பதால் இந்தப் பக்கம் எல்லோருக்கும் நான் அண்ணாச்சி, கார்குழலிக்கும்தான். முதன்முதலில் அவள் கடைக்குப் போனபோது நான்கு சானல், இருநூறு மெகாஹெர்ட்ஸ், கலர் திரை என்று யாரோ சொன்னதையெல்லாம் அடுக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதில் எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்றாள். இன்வெர்ட்டர் போர்டு என்றேன். ஊசி குத்துகிற மாதிரி ஒரு சிரிப்பு சிரித்தாள். இன்வெர்ட்டருக்கு அத்தனை வேகம் எதற்கு, அந்தக் காசில் சின்ன ஸ்கோப் ஒன்றும், உயர் வோல்டேஜைத் தனியாகப் பிரித்துப் பார்க்கும் டிஃபரன்ஷியல் ப்ரோப் ஒன்றும் வாங்குங்கள், உயிரோடு இருப்பீர்கள் என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கடைக்காரனுக்கே கடைக்காரி பாடம் எடுத்தால் வராதா. ஆனாலும் அவள் சொன்னதைத்தான் வாங்கினேன்.

அவள் ஸ்கோப்பைச் சோதிப்பதைப் பார்க்கவே போய் உட்காருவேன். கறுப்புத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, பழைய திரையில் சுட்ட தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பாள். ஒவ்வொரு குமிழையும் காதருகே வைத்துத் திருப்பி, கரகரப்பு கேட்கிறதா என்று கவனிப்பாள். விற்பனைக்குத் தேறியதும் பின்பக்க நான்கு திருகாணி மேலும் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைப்பாள். யாராவது திறந்தால் பூச்சு வெடித்துவிடும், அப்புறம் வாரண்டி கிடையாது. இந்த வேலையில் எல்லோரும் செய்வதுதான்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் அவள் பார்ப்பது பிளக்கை. மீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் எர்த் பின்னிலும் இன்னொரு முனையை ஸ்கோப்பின் இரும்பு உடம்பிலும் வைப்பாள். மீட்டர் கூவ வேண்டும். கூவினால் எர்த் ஒயர் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் பக்கம் வருகிற ஸ்கோப்பில் பாதி கூவாது. கரண்ட் நேரடியாக ஓடும் இடத்தில் ப்ரோப் எனும் அளக்கும் முனையோடு தொங்கி, ஸ்கோப்பின் உடம்போடு இணைந்திருக்கும் கிளிப்பை மாட்டினால் எர்த் வழியாக ஷார்ட் ஆகி ஃப்யூஸ் போய்விடும். அது பேஜாரு என்று, கட்டிங் பிளேயரால் எர்த் பின்னையே வெட்டிவிடுவார்கள். வேலை நடக்கும். ஆனால் அத்தனை கரண்டும் ஸ்கோப்பின் உடம்பில் வந்து உட்கார்ந்திருக்கும். தொட்டவன் போனான்.

வெட்டின பிளக்கோடு யாராவது வந்தால் கார்குழலி ஒரே கதையைத்தான் சொல்வாள். "எங்கண்ணன் பீம்ராவ். வெட்னான். செத்துட்டான். நீ வெட்டாத."

கதை அவ்வளவுதான், ஆனால் கேட்டவன் எவனும் அப்புறம் வெட்டியதில்லை.

பீம்ராவை நானும் பார்த்திருக்கிறேன். கொரோனாவுக்கு முந்தின வருஷம் வரை எண்ணூர் பக்கத்துக் கம்பெனிகளில் மோட்டார் ஓட்டும் டிரைவ் பேனல்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனிதர். கார்குழலி தொழில் தொடங்கிச் சரிபார்த்த முதல் ஸ்கோப்பை அண்ணனுக்குத்தான் கொடுத்தாள். பின்னை வெட்டக் கூடாது என்று கையில் அடித்து வாக்கு வாங்கினாள். வெட்டாமல் அளக்க வழியும் காட்டினாள். இரண்டு ப்ரோபையும் இரண்டு முனையில் வைத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துக் காட்டும்படி இரண்டு பட்டன்களை அழுத்தினால் போதும், கிளிப்பே மாட்ட வேண்டாம்.

ஒருநாள் மத்தியானம், ஒரு கம்பெனியில் திறந்த பேனல் முன்னால், ஸ்கோப்பின் குமிழிலும் இரும்பு உடம்பிலும் கை வைத்தபடி செத்துக் கிடந்தார். கம்பெனி மேனேஜர், பீம்ராவே எர்த் பின்னை வெட்டியிருந்தார், அவர் கவனக்குறைவுக்கு நாங்கள் என்ன செய்வது என்றார். ஸ்கோப்பை ஸ்டோரில் பூட்டி வைத்திருப்பதாகவும் அப்புறம் தருவதாகவும் சொன்னார். தரவில்லை. கார்குழலியும் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை. ஊரே வெட்டுகிறது, அண்ணனும் வெட்டிவிட்டான் என்று நம்பிவிட்டாள்.

நம்பாதவர் ஒருவர்தான். பீம்ராவின் மனைவி கன்னியம்மா. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில் இருக்கிறார். அவர் வெட்ட மாட்டார், உன்னிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று கார்குழலியிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அதற்குக் கார்குழலி, ஃபீல்டில் எல்லோரும் வெட்டுகிறார்கள் அண்ணி, உனக்கு இந்த வேலையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டிருக்கிறாள். அதோடு கன்னியம்மா கடைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்.

அண்ணன் போனதிலிருந்து கார்குழலி ஒரு பழக்கம் வைத்திருந்தாள். கடையில் ஒரு ஸ்கோப் பகலெல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் ப்ரோப் முனை சும்மா தொங்கும். அதை விரலால் தொட்டால் திரையில் பெரிய அலை எழும். சுற்றிலும் ஓடுகிற லைன் கரண்டை நம் உடம்பு வாங்கிக் கொடுக்கிற அலை அது. ஆள் அருகில் வந்தாலே கொஞ்சம் எழும். விஷயம் என்னவென்றால், யாருமே அருகில் இல்லாதபோதும் சில நேரம் அது எழுந்து, சற்று நேரத்தில் தானே இறங்கும். நானே பார்த்திருக்கிறேன். பக்கத்து லேத்துப் பட்டறையில் மோட்டார் போட்டிருப்பார்கள் என்று நான் சொல்வேன். அவள் வாசலைப் பார்ப்பாள். உண்மையைச் சொன்னால், பட்டறைக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமையும் அது எழுந்திருக்கிறது. "வந்து நிக்கிறான் அண்ணாச்சி. இன்னா வேணும்னு சொல்ல மாட்றான்" என்றாள் ஒருமுறை. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

போன மாசம் எண்ணூரிலிருந்து ஒரு லாட் வந்தது. புரோக்கர் ஷாகுல் ஹமீது ஏலத்தில் எடுத்து அனுப்பியது. எந்தக் கம்பெனி என்று அவள் கேட்கவில்லை, எல்லாம் ஏதோ ஒரு மூடின கம்பெனிதானே. டெம்போவிலிருந்து இறக்கியதைத் தரையில் பரப்பி, நாங்கள் இருவரும் தரம் பிரித்துக்கொண்டிருந்தோம். ஒரு ஸ்கோப்பைத் திருப்பிய கார்குழலியின் கை அப்படியே நின்றது. பின்பக்கத் திருகாணிகள் மேல் அரக்கு நிற நெயில் பாலிஷ். இப்போது அவள் வைப்பது வெள்ளை. அரக்கு நிறம் அண்ணியுடையது. தொழில் தொடங்கின புதிதில் அண்ணியிடம் கடன் வாங்கின பாட்டிலால் வைத்தாள்.

நான்கு சொட்டுகளும் வெடிக்காமல் இருந்தன. யாரும் அதைத் திறக்கவே இல்லை.

அது பீம்ராவின் ஸ்கோப். மேலே தூசி கம்பளம் போலப் படிந்திருந்தது. ஸ்டோரில் போட்டவர்கள் அதற்கப்புறம் அதைத் தொடவில்லை. பழைய மாடல் ஆதலால் குமிழ்களும் பட்டன்களும் கடைசியாக வைத்த இடத்திலேயே நிற்கும். செத்த மனிதர் திருப்பின குமிழ், திருப்பின இடத்திலேயே இருந்தது. கழித்துக் காட்டும் பட்டன்கள் இரண்டும் உள்ளே அமுங்கி இருந்தன. கார்குழலி அவற்றைத் தொடாமல் குனிந்து வெகு நேரம் பார்த்தாள். நான் சொன்ன மாதிரிதான் அளந்திருக்கிறான் என்று எனக்குக் கேட்கக் கூடாது என்கிற குரலில் சொன்னாள், ஆனால் எனக்குக் கேட்டது.

பவர் ஒயரை அதன் மேலேயே சுற்றிக் கட்டியிருந்தார்கள். ஒயரின் முனை ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினபடி இருந்தது. மரப்பலகையில் சாக்கெட் வைத்து, கம்பெனிப் பச்சைப் பெயின்ட் அடித்த பாக்ஸ். சம்பவம் நடந்த அன்று பிடுங்காமல் அப்படியே கொண்டுபோய்ப் போட்டிருக்க வேண்டும். கார்குழலி பிளக்கைப் பிடித்து இழுத்தாள். இறுகியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள்.

பிளக்கில் மூன்று பின்னும் முழுசாக இருந்தன.

அவள் மீட்டரை எடுத்தாள். ஒரு முனையை எர்த் பின்னில் வைத்தாள், மறு முனையைத் தூசியை விலக்கி இரும்பு உடம்பில் வைத்தாள். மீட்டர் கூவியது. வழக்கமாகக் கூவினதும் கையை எடுத்துவிடுவாள். அன்று எடுக்கவில்லை. அது கூவிக்கொண்டே இருந்தது. நான் போய் அவள் கையை மெதுவாக விலக்கினேன்.

பிறகு ஸ்க்ரூ டிரைவரால் அந்தப் பச்சைப் பாக்ஸைத் திறந்தாள். வெளியே சாக்கெட்டில் மூன்று ஓட்டை. உள்ளே வந்திருந்தது இரண்டு ஒயர். எர்த் ஓட்டைக்குப் பின்னால் வெறும் பித்தளைத் துண்டு, அதில் ஒன்றுமே மாட்டியிருக்கவில்லை. எவனோ ஒயரை மிச்சம் பிடித்திருக்கிறான். வெளியிலிருந்து பார்க்கிற யாருக்கும் இது தெரியாது. பீம்ராவ் வாக்குக் கொடுத்தபடி மூன்று பின்னோடு வந்து, மூன்று ஓட்டையில் செருகியிருக்கிறார். தொங்கின கிளிப் ஒன்று பேனலுக்குள் கரண்ட் ஓடும் செம்புப் பட்டையில் பட்டிருக்கிறது. எர்த் இருந்திருந்தால் வெடிச் சத்தத்தோடு ஃப்யூஸ் போயிருக்கும், கிளிப் உருகியிருக்கும், மனிதர் பயந்து இரண்டடி பின்னால் போயிருப்பார். அந்தக் கிளிப்புகளைக் கார்குழலி எனக்குக் காட்டினாள். இரண்டும் கருகாமல் பளபளவென்று இருந்தன.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்த மேனேஜரைத் தேடிப் போகலாம் என்று கத்தினேன். ஷாகுல் ஹமீதுக்குப் போன் போட்டுக் கேட்டால், கம்பெனி கைமாறி, கைமாறினவனும் இழுத்து மூடிவிட்டான், கேட்டில் வாட்ச்மேன் மட்டும்தான் இருக்கிறான் என்றார். கார்குழலி இதையெல்லாம் காதில் வாங்கவே இல்லை. "அவங்க பொய் சொன்னாங்க, சரி. நான் எத்தினி பேர்கிட்ட சொன்னேன் அண்ணாச்சி" என்றாள். அப்போதுதான் அழுதாள்.

ஆட்டோவில் ஸ்கோப்பையும் பாக்ஸையும் மடியில் வைத்துக்கொண்டு வியாசர்பாடி போனோம். கன்னியம்மா கதவைத் திறந்தார். சுவரில் புத்தர் படத்துக்குப் பக்கத்தில் பீம்ராவ் படம் இருந்தது. கார்குழலி தரையில் உட்கார்ந்து, பிளக்கைக் காட்டினாள், பட்டன்களைக் காட்டினாள், பாக்ஸைத் திறந்து இரண்டு ஒயரைக் காட்டினாள். ஒவ்வொன்றாக விளக்கினாள். கன்னியம்மா எல்லாவற்றையும் கேட்டார். ஆச்சரியப்படவில்லை. முந்தானையால் ஸ்கோப்பின் மேல் தூசியைத் துடைக்கப் போனவர், குமிழ்களுக்கு அருகில் வந்ததும் கையை இழுத்துக்கொண்டார். அந்த இடத்தை மட்டும் துடைக்கவில்லை.

"அவரு வெட்லன்னு எனுக்கு அன்னிக்கே தெரியும் குயலி. உனுக்குத்தான் மிஷின் வந்து சொல்ல வேண்டியதா கீது" என்றார்.

கார்குழலி தலையைத் தூக்கவில்லை. கன்னியம்மா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தார். அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"உன் கடைல வந்து நிக்கிறாருன்னு சொல்லுவியாமே. இன்னாத்துக்கு நின்னுகினு இருந்தாருன்னு இப்ப தெரியுதா?"

அந்த ஸ்கோப் இப்போது கன்னியம்மா வீட்டில் இருக்கிறது. பச்சைப் பாக்ஸ் மட்டும் கார்குழலி கடையில், வாசலைப் பார்த்தபடி, திறந்தே இருக்கிறது. ஸ்கோப் வாங்க வருகிறவனிடம் மெகாஹெர்ட்ஸ் பேசுவதற்கு முன்னால், நீ செருகப்போகிற பாக்ஸைக் கொண்டு வா, திறந்து காட்டு என்கிறாள். அலுத்துக்கொள்கிறார்கள். கொண்டு வருகிறார்கள். பாதி பாக்ஸில் இரண்டு ஒயர்தான் இருக்கிறது. பழைய கதையை இப்போது அவள் சொல்வதில்லை. அண்ணன் பெயரைச் சொல்லி, வெட்டவில்லை என்று மட்டும் சொல்கிறாள். கேட்கிறவனுக்கு ஒன்றும் புரியாது, சொல்லியே தீருவாள்.

பகலெல்லாம் ஓடும் அந்த ஸ்கோப்பை அணைத்துவிடச் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தபோது, பட்டறை மூடிக் கிடக்க, தொங்கிய முனையருகே யாரும் இல்லாமல் அலை மெல்ல எழுந்தது. கார்குழலி வாசலைப் பார்க்கவில்லை. கையில் இருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டு, திரையைப் பார்த்து, "நீ வெட்லண்ணா" என்றாள்.

அலை இறங்கவில்லை.