துண்டுக்கு அடியில் பேசிய விலை

பாக்கியநாதன் சேலத்துக் கல்லூரி ஒன்றில் பொருளாதார ட்யூட்டர். கூடச் சேர்ந்தவர்களெல்லாம் லெக்சரர் ஆகிவிட்டார்கள். ஆராய்ச்சிப் பத்திரிகையில் கட்டுரை வராமல் பதவி உயர்வு இல்லையென்று நிர்வாகம் கறாராகச் சொல்லிவிட்டது.

எழுத விஷயத்துக்கா பஞ்சம்? அப்பா ராயப்பன் சேந்தமங்கலத்தில் மாட்டுத் தரகர். சந்தையில் யாரும் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு, அதற்கடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்தே பேரம் பேசுவார்கள். பேரம் படியாவிட்டால் கேட்ட விலை வெளியே தெரியாது. அடுத்து வருகிறவன் அதைக் காட்டி இன்னும் அடிமாட்டு விலைக்குக் கேட்க முடியாது. மழை பொய்த்து மாட்டை விற்க வந்தவனுக்கு அந்தத் துண்டுதான் காப்பு. பாக்கியநாதன் இதைத்தான் சந்தை சந்தையாக அலைந்து எழுதினார். 1959இல் சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினார்.

பதில் வந்தது. பேராசிரியர் சுவாமிநாதன் இந்த வழக்கத்தைத் தரகர்களின் மோசடி என்று தமது நூலில் நிறுவியிருக்கிறாராம். கட்டுரை அதற்கு முரணாக இருக்கிறதாம். முடிவுரையைத் திருத்தினால் வெளியிடுவார்களாம். அந்தப் பேராசிரியர் சந்தைக்கு வந்ததே ஒரு தடவை. அதுவும் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. ஆனால் அவர் எழுதியது அச்சில் இருந்தது. அச்சில் இருப்பதை மறுக்க இவர் யார்?

"திருத்திக் குடுத்துருங்க. இங்கிலீசுல வர்றத நம்ம சனம் யாருங்க படிக்கப் போறாங்க?" என்றாள் மனைவி ஞானமேரி.

திருத்தினார். பெற்ற தகப்பனைத் திருடன் என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். கட்டுரை வந்தது, லெக்சரர் வேலையும் வந்தது. வெட்கக்கேடு என்னவென்றால், அன்றைக்கு அவருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

மகன் எழுதியது அச்சில் வந்த விஷயம் மட்டும் தெரிந்து ராயப்பன் சேலத்து அஸ்தம்பட்டியிலிருந்த மகன் வீட்டுக்கு பஸ் ஏறி வந்தார். மகனையும் பத்திரிகையையும் கையோடு சந்தைக்கு அழைத்துப் போனார். தரகர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"தமிழ்ல சொல்லு சாமி. நம்ம தொழிலப் பத்தி புஸ்தகத்துல வந்திருக்குதுன்னா இவனுக நம்ப மாட்டீங்கறானுக" என்றார் ராயப்பன்.

பாக்கியநாதன் பத்திரிகையைப் பிரித்தார். கண் அச்சில் ஓடியது. வாய், அடித்தெறிந்த பழைய முடிவுரையைச் சொன்னது. கூட்டாளித் தரகர் அம்மாசி கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் டீ சொன்னார்.

"இதுல ஒண்ண அந்தச் சந்தை ஆபீசருக்கு அனுப்பிச்சுடு சாமி. துண்டு போடக்கூடாதுன்னு ஒத்தக்கால்ல நிக்கறாரு. நீ எழுதுனதப் படிச்சா உட்டுருவாரு" என்றார் ராயப்பன்.

"சரிங்கப்பா" என்றார் மகன். வேறென்ன சொல்வார்?

அனுப்பும் சிரமம் அவருக்கு வரவில்லை. அதிகாரி படிக்கிற மனிதர். பத்திரிகைக்குச் சந்தா கட்டியிருந்தார். அடுத்த மாதமே சந்தை வாசலில் உத்தரவு ஒட்டினார்கள். எழுத்தர் அதைக் கூட்டத்துக்கு உரக்கப் படித்தார்: துண்டு போட்டு விலை பேசுவது விவசாயிகளை ஏமாற்றும் செயல் என்பதைச் சேலம் கல்லூரி விரிவுரையாளர் பாக்கியநாதன் தக்க ஆதாரங்களுடன் நிரூபித்திருப்பதால், இன்று முதல் அது தடை செய்யப்படுகிறது.

தரகர்கள் ராயப்பனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஏனுங்க, அந்தப் பேர மட்டும் இன்னொருக்கா படிங்க" என்றார்.

எழுத்தர் படித்தார்.