படிக்கப் போறேன்னு எழுதும்மா

1. கை கால் கணக்குத் தெரிந்தவன்

இருபது ஆண்டுகளுக்கு மேல் தொழிலாளர் காப்புறுதி அலுவலகத்தின் கிள்ளான் கிளையில் விபத்துக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவன் நான். தொழிற்சாலையில் விரல் போனால் எந்த விண்ணப்பப் பாரம், லோரியில் அடிபட்டால் எந்த டாக்டரின் ரிப்போர்ட், எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது என்னைத் தூக்கி, வேலை இழந்தோர் உதவித்தொகைக் கவுண்டரில் போட்டார்கள். இரண்டு நாள் கோர்ஸ் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நான் கண் அசந்துவிட்டேன், மறைப்பானேன்.

கம்பெனி நிறுத்தினால் உதவித்தொகை உண்டு. நாமாக விட்டால் கிடையாது. சட்டம் என்னவோ இவ்வளவுதான். ஆனால் வருகிறவர்கள் சொல்லும் கதை ஒன்றும் இதற்குள் அடங்காது. "பாஸ் கத்துனாரு, நானும் கத்துனேன்ணே. மறுநாள் போனா கேட்டுல என் கார்டு வேலை செய்யலை" என்பார் ஒருவர். இது நிறுத்தியதா, விட்டதா? கை போனதா இல்லையா என்று பார்த்தால் தெரியும். வேலை போனதைப் பார்த்தால் தெரிகிறதா? முதல் வாரம் முழுக்க எனக்கு மண்டை காய்ந்தது.

2. பாரத்தில் ஒரு கட்டம்

இரண்டாம் வாரம் தர்ஷினி வந்தாள். போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் ஸ்டாக் கிளார்க். வேலை பார்த்துக்கொண்டே வார இறுதி வகுப்புக்குப் போய் டிகிரி முடித்தவள். ரிசல்ட் வந்த அதே மாதம் கம்பெனி அவள் பகுதியை இழுத்து மூடிவிட்டது. கையில் மாஸ்டர்ஸ் ஆஃபர் லெட்டர் வைத்திருந்தாள், ஸ்காலர்ஷிப்போடு. வகுப்பு தொடங்க இன்னும் மூன்று மாதம்.

"அப்பா லோரி ஓட்டிக்கிட்டு இருந்தாரு அங்கிள். முதுகுல ஆபரேஷன், இப்ப வீட்டுலதான். என் சம்பளத்துலதான் வீடு ஓடுச்சு. இந்தப் பணம் வந்தா மூணு மாசம் சமாளிச்சிருவேன். வரலைன்னா மாஸ்டர்ஸை விட்டுட்டு, கிடைச்ச வேலையில உட்கார்ந்துட வேண்டியதுதான்."

எனக்கு முதல் குழப்பம் இங்கேயே தொடங்கிவிட்டது. இவள் வேலை இல்லாதவளா, மாணவியா? "வேலை தேடுறியாம்மா?" என்றேன்.

"தேடுறேன் அங்கிள். சுபாங் ஜெயாவுல ரெண்டு இன்டர்வியூ போனேன். மூணு மாசம்தான் இருப்பேன்னதும் வேணாம்னுட்டாங்க."

சரி, தேடுகிறாள் என்று குறித்துக்கொண்டேன். கம்பெனிக் கடிதத்தைப் பார்த்தேன். இந்த மாத இறுதியோடு உங்கள் வேலை முடிகிறது என்று ஒரே வரி. ஏன் முடிகிறது என்று எழுதவில்லை. பாரத்தில் காரணம் எழுதும் கட்டத்துக்கு வந்ததும் அவள் 'ஆள் குறைப்பு' என்று எழுதப் போனாள். நான் தடுத்தேன்.

"இரும்மா, இரும்மா. நிறுத்திட்டாங்கன்னு எழுதினா அசிங்கமா இருக்கும்லா. நாளைக்கு எவன் எடுத்துப் பார்த்தாலும் நம்ம பிள்ளை என்ன தப்புப் பண்ணிச்சோன்னு நினைப்பான். மேல்படிப்பு படிக்கப் போறேன்னு எழுதும்மா. கௌரவமா இருக்கும்."

"அப்படி எழுதினா பிரச்சினை வராதா அங்கிள்?"

"படிப்புன்னா யாரும்மா வேணாம்னு சொல்லப் போறாங்க?"

நம் வீடுகளில் அதுதானே நடக்கும்! கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டுமா, திருவிழாவுக்கு வராததற்குக் காரணம் சொல்ல வேண்டுமா, "படிக்கிறா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கேட்டவர் வாயை மூடிக்கொள்வார். அரசாங்க பாரத்திலும் அது செல்லும் என்று நினைத்தேன். கோர்ஸில் தூங்கியவன் புத்தி அவ்வளவுதான்.

அவள் எழுதினாள். கையெழுத்தும் போட்டாள். நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியில் நான் தே தாரிக் டீ குடிக்கப் போனேன்.

3. எது பொய்?

இரண்டு வாரம் கழித்து, நிராகரிப்புக் கடிதத்தோடு வந்து நின்றாள். சொந்த விருப்பத்தில் வேலையை விட்டவர் என்று அதில் இருந்தது. ஒன்றுக்கு மூன்று முறை படித்தேன். யார் எழுதச் சொன்னது என்பது மட்டும் அதில் இல்லை.

"அப்பீல் பண்ணலாம்மா. ஒண்ணும் கவலைப்படாதே" என்றேன். என்னை எழுத வைத்தது நீங்கள்தானே என்று அவள் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்பீலை விசாரித்தவர் என் மேலதிகாரி ரோஸ்னா அம்மையார், எங்களுக்குப் புவான் ரோஸ்னா. கவுண்டரில் பாரம் வாங்கியவன் என்பதால் என்னையும் அறையில் உட்கார வைத்தார். நல்ல மனுஷி, ஆனால் பொய் சொன்னால் பிடிக்காது. இரண்டு பாரங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"அன்னிக்குப் படிக்கப் போறேன்னு எழுதியிருக்கீங்க. இன்னிக்கு ஆள் குறைச்சிட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. கம்பெனிக்குப் போன் பண்ணா, ஆள் குறைச்சது உண்மைதான்றாங்க. அப்ப முதல்ல ஏன் பொய் எழுதினீங்க?" என்று மலாயில் கேட்டார். பொய்த் தகவல் கொடுத்தால் அப்பீல் அதோடு முடிந்தது என்றும் சொன்னார்.

தர்ஷினி மலாய் நன்றாகப் பேசுவாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. தலையைக் குனிந்து பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த அரை நிமிடம் எனக்குள் என்னென்னவோ ஓடியது. ஓய்வுக்கு ஏழு மாதம். இத்தனை ஆண்டில் என் ஃபைலில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் கிடையாது. அவள் சொல்லட்டுமே, நான் ஏன் முந்திக்கொள்ள வேண்டும்? சொன்னால் மறுக்க மாட்டேன், அது போதாதா? இப்படியெல்லாம் கணக்குப் போட்டேன். வெட்கக்கேடுதான். அவள் சொல்லப் போவதில்லை என்று கடைசியில் புரிந்தது.

"புவான், அதை எழுதச் சொன்னது நான்தான்" என்றேன்.

"நீங்களா? ஏன்?"

கௌரவமாக இருக்கும் என்று நினைத்தேன் என்றேன். அந்த அறையில் அது எவ்வளவு கிறுக்குத்தனமாகக் கேட்டது என்று எனக்கே தெரிந்தது. புவான் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி, "எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்றார்.

அப்பீல் பாஸாகிவிட்டது. வகுப்பில் சேரும் நாள் வரைக்கும் அவள் வேலை தேடுபவள், வாரா வாரம் விண்ணப்பம் போட்டதைக் காட்ட வேண்டும், சேர்ந்த அன்று தெரிவிக்க வேண்டும் என்று புவான் முடிவு செய்தார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வர வேண்டியதுதான்.

முடிவு தெரிந்த நாளில் லிஃப்ட் பக்கத்தில் அவளை நிறுத்தி, "மன்னிச்சிரும்மா" என்றேன்.

"பரவாயில்லை அங்கிள். பணம்தான் கிடைச்சிருச்சே." லிஃப்ட் பட்டனை அழுத்தினாள். "வேலை போனதுல எனக்கு வெட்கமே இல்லை அங்கிள். பாரம் எழுதின அன்னிக்கு வீட்டுக்குப் போயி அப்பாகிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். நீங்க அசிங்கம்னு சொன்னீங்களா, அப்புறம் எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. நானே வேலையை விட்டுட்டேன், படிக்கப் போறேன்னு சொல்லிட்டேன். வீடு இருக்கிற நிலைமையில வேலையை விட்டுட்டாளேன்னு அவரு இன்னும் என்கூடப் பேசலை."

"நான் வேணும்னா வந்து அப்பாகிட்ட..." என்று இழுத்தேன்.

"வேணாம் அங்கிள். இந்தத் தடவை நானே சொல்லிக்கிறேன்" என்று லிஃப்டில் ஏறினாள்.

அந்தக் கவுண்டரில் புதிதாக உட்காருகிறவர்களுக்கு என்னிடம் பெரிய பாடம் எதுவும் இல்லை. மீதி ஏழு மாதமும் அந்தக் கட்டம் வந்தபோதெல்லாம், "என்ன நடந்துச்சோ அதை எழுதுங்க" என்று மட்டும் சொன்னேன். அவர்கள் எழுதி முடிக்கும் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.