வெயில் படாத முற்றத்தில் இரண்டு கிழங்குகள்

2009 தை மாதம் பாரிசின் லாச்சப்பலில் ஒரு பழைய கட்டடத்துக்குத் துப்புரவு வேலைக்குப் போனாள் சிவாஜினி. ஆறு மாடி, நூற்றுப் பதினெட்டுப் படி, பின்னால் கிணறு மாதிரி ஒரு முற்றம். சூரியனுக்கு அந்த முற்றத்துக்கு வழி தெரியாது. மதிலோரம் ஓர் ஆள் நீளத்துக்கு மண் இருந்தது. அதில் சிகரெட் கட்டைகளைத் தவிர ஒன்றும் கிடந்ததில்லை. புறநகரான சார்செலில் இருந்து விடியவே ரயிலேறி வந்து, குப்பை வாளிகளை இழுத்து வெளியே வைத்துவிட்டு, மேலிருந்து கீழாகத் துடைத்துக்கொண்டு வருவாள். அந்த வருடம் வைகாசியில், ஊரிலிருந்து வந்த போர்ச் செய்திகளைக் கேட்டுக்கொண்டும் துடைத்தாள். கண் ஏன் வீங்கியிருக்கிறது என்று ஆறு மாடியில் ஒரே ஒருவர்தான் கேட்டார். இரண்டாம் மாடி மர்கரீத். பாண்டிச்சேரிக்காரர், தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்.

2011 வசந்தத்தில் மர்கரீத் தெற்கே மகன் வீட்டோடு போனபோது, தன் யன்னலோரம் வளர்த்த ஒஸ்தா என்ற கிழங்குச் செடியை ஐந்தாகப் பிரித்துச் சிவாஜினியிடம் கொடுத்தார். உள்ளங்கை அகலப் பச்சை இலை, ஓரத்தில் வெள்ளைக் கரை.

“இதுக்கு வெயில் ஆவாது, நிழல்தான் புடிக்கும். முத்தத்து மண்ணுல வச்சுடு. குளிர் காலத்துல மட்டும் தொடாதே.”

சிவாஜினி தலையாட்டினாள். தலையாட்டுவதற்குச் செலவா என்ன?

அந்த மண்ணில் ஏற்கெனவே ஒருவர் கண் வைத்திருந்தார். வீட்டுக்காரர் சங்கத் தலைவர் முசியே லூசியன். சீமெந்து பூசிச் சைக்கிள் நிறுத்த வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. சிவாஜினி போய்க் கேட்டதும் சிரித்தார். செடியை நடு, அடுத்த வசந்தத்திலும் அங்கே பச்சை தெரிந்தால் விடுகிறேன், தெரியாவிட்டால் சீமெந்துதான் என்றார். அந்தச் சிரிப்புத்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. தன் நேரத்தில், தன் கையால் மண்ணைக் கொத்தி ஐந்தையும் நட்டாள். கோடை முழுக்க இலைகள் தளதளவென்று நின்றன.

ஐப்பசி கடைசியில் எல்லாம் மஞ்சளாகிக் கூழாய்ச் சரிந்தன. அவளுக்குப் பதறிவிட்டது; மர்கரீத் சொன்னது நினைவில் நிற்கவில்லை. இந்த ஊரில் தமிழர் வீட்டில் குளிர் தொடங்கினால் முதல் வேலை, பல்கனியில் நிற்கும் கறிவேப்பிலையைப் பிள்ளை மாதிரித் தூக்கி உள்ளே வைப்பது. ஓர் இரவு மறந்தால் மரம் போய்விடும். ஒஸ்தாவும் செடிதானே என்று நினைத்தாள். மூன்று கிழங்கைக் கிண்டியெடுத்துப் பையில் போட்டுச் சார்செலுக்குக் கொண்டுபோய், கறிவேப்பிலைக்குப் பக்கத்தில், ஹீற்றர் அடியில் வைத்தாள். பையில் இடம் காணாததால் இரண்டு கிழங்கு முற்றத்திலேயே கிடந்தன. உணவகக் குசினியில் வேலை செய்து களைத்துவரும் புருசன் அரியரத்தினம் தொட்டிகளைப் பார்த்து, வீட்டு வாடகையில் இவையும் பங்கு தருமோ என்று கேட்டார்.

தையிலேயே மூன்றும் முளைத்தன. மெல்லிசாய், வெளிறி, நோஞ்சானாய். மாசியில் பாரிஸ் உறைந்தது. முற்றத்துக் குழாய் வெடித்து நீர் பாறையாக நின்றது. அந்த மாசியிலேயே வீட்டுக்குள் இருந்த மூன்றும் அழுகிச் செத்தன. சூட்டில் வைத்ததே போய்விட்டது, வெளியே கிடந்தது எங்கே தப்பியிருக்கும் என்று அவள் மனம் விட்டுப்போனது. வெட்கத்தோடு மர்கரீத்துக்குப் போன் எடுத்துச் சொன்னாள். மர்கரீத் கடிந்துகொண்டார்.

“குளிர்லதான்டி அது தூங்கி எழுந்திருக்கும். தூங்க விடாம நீதான் கொன்னுட்டே. வெளியில இருக்கிறதைத் தொடாதே. ஏப்ரல்ல பாரு.”

ஏப்ரல் முடியும் வரை யார் பொறுப்பது? பங்குனிக் கூட்டத்தில் சங்கம் சீமெந்துக்குக் கையுயர்த்திவிட்டது. ஏப்ரல் இரண்டாம் திகதி காலை இரண்டு வேலையாட்கள் மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். மண் வெறுமையாய்த்தான் கிடந்தது. சிவாஜினி கூட்டும் தும்புத்தடியை மதிலில் சாத்திவிட்டு, மண்ணுக்கு முன்னால் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள்.

லூசியன் இறங்கி வந்தார். இங்கே ஒன்றுமில்லை, செத்துவிட்டது என்றார். எழும்பாவிட்டால் அவளுடைய பத்ரோனுக்கு, அதாவது கொம்பனி முதலாளிக்குப் போன் அடித்து வேறு ஆளை அனுப்பச் சொல்வேன் என்றார். சொன்னால் செய்யக்கூடியவர். இந்த வேலை போனால் அடுத்தது கிடைக்க எத்தனை மாதம் அலைய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் உரலுக்குள் தலையை விட்டபின் உலக்கைக்குப் பயந்து ஆகுமா? போனை அடிக்கச் சொன்னாள்.

பிறகு வாளியை விட்டு இறங்கி முழந்தாளில் நின்று, கையுறையைக் கழற்றி, விரலால் மண்ணை நீக்கினாள். முதல் இடத்தில் பழைய வேர்தான் வந்தது. அடுத்த சாண் தள்ளித் தோண்டினாள். அங்கே பெருவிரல் பருமனில், ஊதா நிறத்தில், கூராக இறுக்கிச் சுருட்டிய முளைகள். ஒன்று, இரண்டு, ஏழு. மாசிக் குளிர் அவற்றில் ஒரு கீறல்கூடப் போடவில்லை.

அவளுடைய பிரெஞ்சு துண்டு துண்டாகத்தான் வரும். அன்றைக்கு முழுசாக வந்தது.

“செத்துவிட்டது என்று சொன்னீர்கள். வாருங்கள், உங்கள் கையாலேயே பிடுங்குங்கள்.”

லூசியன் குனிந்தார். வேலையாட்களும் குனிந்தார்கள். ஒருவன் மண்வெட்டியைப் பின்னால் மறைத்துக்கொண்டான். லூசியன் முளையைத் தொடக்கூட இல்லை. சைக்கிளைக் குப்பை வாளிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தலாம் என்று முணுமுணுத்தபடி மாடியேறினார். பத்ரோனுக்கு அவர் அடிக்கவேயில்லை. சிவாஜினி கிண்டிய மண்ணைத் திரும்ப மூடிவிட்டு, நூற்றுப் பதினெட்டுப் படியையும் துடைக்கப் போனாள்.

அந்த வருடம் கார்த்திகையில் அரியரத்தினம் கறிவேப்பிலைத் தொட்டியை உள்ளே தூக்கி வைத்தார். வைத்துவிட்டு, இரவைக்கு மைனஸ் வருகுதாம், முற்றத்துச் செடியையும் கொண்டுவரவில்லையா என்று அக்கறையாகவே கேட்டார்.

“அது அங்கையே கிடக்கட்டும்,” என்றாள் சிவாஜினி. “நல்லாக் குளிரட்டும்.”