அவருடைய வெள்ளிக்கிழமை மலைகள்

என் கணவர் மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். நான் ராகலையில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலாம் வகுப்புக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. புல் பூண்டு இல்லாத மொட்டை மலை. அதன் உச்சியில் கையில் தடியோடு நின்றார். கூட இரண்டு ஆண்கள், ஒரு பெண். நாலு பேரும் வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் மலைதான். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவர் என்னோடு ஒரு மேடு ஏறியதில்லை. லீவில் வந்தால் தூங்குவார், வங்கிக்குப் போவார், மகளைக் கூட்டிக்கொண்டு நுவரெலியாவுக்கு பஸ் ஏறுவார். “மேல வரைக்கும் நடந்துட்டு வருவோமா?” என்று கேட்டால் முழங்காலைத் தடவிக் காட்டுவார். அந்த முழங்கால்தான் இப்போது ஓமான் பாறையில் ஏறி நிற்கிறது.

அன்றிலிருந்து, அங்கே விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை தவறாமல் படங்கள் வந்தன. அவர்களுக்கு ஒரு முறை இருந்தது. விடுமுறை கிடைத்தால் ஒரு சின்ன ஊரைத் தெரிவு செய்து அங்கேயே அறை எடுப்பார்கள். ஒவ்வொரு நாளும் அங்கிருந்து வேறு வேறு மலைக்குப் போய்விட்டு அதே ஊருக்குத் திரும்புவார்கள். அப்படி அவர்கள் அதிகம் தங்கிய ஊர் நிஸ்வா. பேரீச்சந்தோப்பும் மண்சுவர் வீடுகளும் உள்ள ஊர். எந்த ஊரில் தங்குவது என்று தீர்மானிப்பது அந்தப் பெண். கேரளத்து நர்ஸ். காலையில் நேரத்தோடு திறக்கும் தேநீர்க்கடை வேண்டுமாம், அறையின் மொட்டைமாடியில் நின்றால் மறுநாள் ஏறப்போகும் மலை தெரிய வேண்டுமாம். இதையெல்லாம் அவர் தொலைபேசியில் சொல்லும்போது குரலே வேறாக இருக்கும். அவளை மரியாதையாக ‘அவர்’ என்று எழுத எனக்கு இன்றும் கை வரவில்லை.

படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். எத்தனை படத்தில் அவள் இவருக்குப் பக்கத்தில் நிற்கிறாள் என்று பார்ப்பேன். அவளுடைய சப்பாத்தைப் பார்ப்பேன். தப்பாக எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஒருமுறை தீபாவளிக்கு அவளே என் நம்பரை வாங்கி வாழ்த்துச் சொன்னாள். அதற்கும் எரிந்தது. கடைசியில் நிஸ்வா என்ற ஊரின் மேலேயே எனக்குப் பொறாமை வந்துவிட்டது. என் புருஷன் சந்தோஷமாக இருப்பதற்கென்று ஒரு ஊர் இருக்கிறது, அது நான் இருக்கும் ஊர் இல்லை.

போன வருடம் ஜனவரியில் அவர் சொன்னார், நாலு பேரும் பெப்ரவரியில் இலங்கைக்கு வருகிறார்கள் என்று. மலை ஏறத்தான்.

“எங்க தங்குறீங்க?” என்று கேட்டேன். ராகலை என்பார் என்று நினைத்தேன்.

“நுவரெலியாவுல ரூம் பாக்கச் சொல்லியிருக்கேன்.”

“ஏன், ராகலைக்கு என்ன?”

“ராகலையில என்ன இருக்கு? பஸ் ஸ்டாண்டும் மரக்கறி லொறியும்தான் இருக்கு. அவங்க எல்லாம் எத்தனையோ ஊர் பாத்தவங்க.”

“நாங்க இங்கதானே இருக்கோம்.”

“அதுக்கில்ல” என்றார். எதற்கு என்று சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை மகளைத் தலவாக்கலையில் என் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்து, நான் தனியாக மலை ஏறினேன். பாடசாலைக்குப் போடும் சப்பாத்தோடுதான். பஜாரைத் தாண்டி, லீக்ஸ் பாத்திகளைத் தாண்டி, தேயிலை மலைக்குள் போகும் படிகளில் ஏறினேன். அவர் பிறந்த லயம், தொழிலாளர்களின் வரிசை வீடு, அந்தத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் இருக்கிறது என்று மட்டும் எனக்குத் தெரியும். எது என்று தெரியாது. காட்டியதில்லை. கல்யாணத்தின்போதே பஜாருக்கு மேலே வாடகை வீடு பிடித்துவிட்டார். மாமியார் கொழும்பில் மூத்த மகனோடு இருக்கிறார். இரண்டு தடவை மூச்சு வாங்க உட்கார்ந்து, பைனஸ் மரங்களைத் தாண்டி உச்சிப் புல்வெளிக்கு வந்தேன். ஒரு பக்கம் முழுக்க நான் நடந்து வந்த தேயிலை மலை. மறுபக்கம் வலப்பனைப் பள்ளத்தாக்கு, கீழே கீழே இறங்கி நீலமாகப் போய்க்கொண்டிருந்தது. இத்தனை வருடம் இந்த இடத்துக்குக் கீழேதான் சோறு சமைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

படம் எடுத்தேன். அவருக்கு அனுப்பவில்லை. அந்த நர்ஸுக்கு அனுப்பினேன். கூடவே குரல் பதிவும் அனுப்பினேன்: “அக்கா, இது எங்க ராகலை. நீங்க இங்கயே தங்குங்க. நுவரெலியாவுல இந்த மாசம் தினமும் மழை. ரூம்ல தண்ணியும் ஒழுங்கா வர்றதில்ல.”

ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிற ஊரில் மட்டும் மழை பெய்து எங்கள் ஊரில் வெயில் அடிக்குமா என்று அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் பதில் வந்தது. அந்தப் படம்தான் வேண்டும், அந்த ஊர்தான் வேண்டும் என்றாள். அவர் இரவு அழைத்து, “நீ எதுக்கு அவங்ககிட்ட பேசுன?” என்று மட்டும் கேட்டார். குரல் சரியில்லை. அவளிடம் பேசியது பிடிக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், ஊருக்கே நானா, தன் கடைக்கு மேலே மூன்று அறைகளை வாடகைக்கு விடுகிறார். அங்கே ஏற்பாடு செய்தேன். நான்கு நாட்கள். வந்து இறங்கினார்கள். ஒருவர் பிலிப்பைன்ஸ்காரர், ஒருவர் கோவாக்காரர், அப்புறம் அவள். படங்களில் பார்த்ததைவிட உயரம். என் வயதுதான் இருக்கும். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “நான் பார்த்ததிலேயே நல்ல ஊர்” என்றாள். மலையாளம் இழுக்கும் தமிழ். நானாவின் தண்ணீர்த் தொட்டி இருக்கிற மொட்டைமாடிக்கு ஏறிப்போய் மலையைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றாள். நான் கீழே தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். அவரும் மேலேதான் நின்றார்.

மறுநாள் காலையில் ஏறினோம். வழி காட்டியது நான். அதில் எனக்கு அவ்வளவு பெருமை. என் பின்னால் அவள், அதற்குப் பின்னால் மற்ற இருவர். பாறையில் முதல் ஆளாக ஏறுகிற என் புருஷன் எல்லாருக்கும் கடைசியில், தொப்பியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். வேறு வழி இருக்கிறது, ரோட்டுப் பக்கமாகப் போவோம் என்று இரண்டு தடவை சொன்னார். நான் கேட்கவில்லை.

மேல் டிவிஷனில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

“யாரு அது? மேட்டு லயத்து சின்னவனா? ஏய்யா, தொப்பி போட்டா தெரியாதா எங்களுக்கு? ஒங்க அம்மா கொழும்புல நல்லா இருக்காங்களா? இந்த மலையிலதானே ஸ்கூலுக்குப் போகாம ஒளிஞ்சுக்கிட்டு கெடப்ப!”

மற்றப் பெண்களும் சிரித்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டு, “நல்லா இருக்காங்க அத்தை” என்றார். முகம் சிவந்து போயிருந்தது.

நர்ஸ் அவரைத் திரும்பிப் பார்த்தாள். “நீ நுவரெலியா டவுன் என்றல்லவா சொன்னாய்? அப்பாவுக்குத் துணிக்கடை என்று சொன்னாயே?”

துணிக்கடை என் அப்பாவுடையது. தலவாக்கலை பஜாரில் இருக்கிறது. அவருடைய அப்பா இந்த மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். நான் அப்போது சும்மா இருந்திருக்கலாம். ஏதாவது சொல்லி மழுப்பியும் இருக்கலாம். ஆனால் இரண்டு வருடமாகப் படம் பார்த்துப் பார்த்து வந்த எரிச்சல் எல்லாம் நாக்குக்கு வந்துவிட்டது.

“அது எங்க அப்பா கடை” என்றேன். “இவரு இந்தத் தோட்டத்து லயம்தான்.”

உச்சிக்குப் போனோம், படம் எடுத்தோம். அவர் சிரிக்கவில்லை. ஜெயித்த மாதிரி இருந்தது எனக்கு, ஒரு கால் மணி நேரம். இறங்கும்போது அவள் வேண்டுமென்றே மெதுவாக நடந்து அவரோடு சேர்ந்துகொண்டாள். மற்ற இருவரோடு நான் முன்னால் நடந்தேன். காது முழுக்கப் பின்னால்தான். அவர் பேச ஆரம்பித்தார். லயத்தில் எட்டுக் காம்பரா, ஒரு அறைக்கு ஒரு குடும்பம் என்றார். மழை பெய்தால் அம்மா கட்டிலை எந்த மூலைக்கு இழுத்துப் போடுவார் என்றார். குளிருக்கு அடுப்படியில் அண்ணனோடு முதுகு ஒட்டிப் படுத்ததைச் சொன்னார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அப்பாவை மேலதிகாரி கண்டாக்கையா திட்டிய நாளில் தான் பக்கத்தில் நின்றதைச் சொன்னார். எதுவும் எனக்குச் சொன்னதில்லை. எட்டு வருடத்தில் ஒரு சொல் சொன்னதில்லை. நான் பிடுங்கிப் போட்டதை அவள் பக்குவமாகக் கையில் வாங்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் மற்ற மூவரும் நானாவின் வேனில் வேறு மலைக்குப் போனார்கள். அவர் போகவில்லை. வாசல் குழாயடியில் தன் சப்பாத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அவகிட்ட சொன்னதை எங்கிட்ட ஏன் சொல்லல?” என்று கேட்டேன்.

“ஒனக்கு ஞாபகம் இல்லையா?” என்றார் நிமிராமல். “பொண்ணு கேட்டு வந்த அன்னிக்கு ஒங்க அப்பா சொன்னாரு, எம்பொண்ணு லயத்துல இருக்க மாட்டாள்னு. எங்க அம்மா தேத்தண்ணிய கையில வச்சுக்கிட்டு அப்படியே இருந்தாங்க. நீ கதவுக்கு உள்ளுக்குத்தான நின்ன?”

“ஆமா.”

“ஒண்ணுமே சொல்லலையே.”

எனக்கு ஞாபகம் இருந்தது. அப்பா அப்படிச் சொன்னது அன்றைக்கு எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. அதை இப்போது அவரிடம் சொல்ல முடியவில்லை. அதற்குப் பதிலாக இன்னொன்றைச் சொன்னேன்.

“நுவரெலியாவுல மழைன்னு நாந்தான் அவகிட்ட பொய் சொன்னேன்.”

சப்பாத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “தண்ணி வர்றதில்லன்னும் சொன்னியாமே.”

“ஆமா.”

சிரிக்கக் கூடாது என்று பார்த்தார், முடியவில்லை. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. “நேத்து நீ சொன்ன விதம் சரியில்ல” என்றார். “தெரியும்” என்றேன். ஈரச் சப்பாத்தையே மாட்டிக்கொண்டு, “வா, லயத்தைக் காட்டுறேன்” என்றார்.

கடைசிக் காம்பராவில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. வீட்டுக்காரி எங்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். கட்டில் போட்ட மூலையை அவர் காட்டினார். நர்ஸுக்குச் சொல்லிவிட்ட கதையைத்தான் எனக்கும் சொன்னார். இரண்டாவது ஆளாகக் கேட்கிறோம் என்ற நினைப்பு என்னை விட்டுப் போகவில்லை. ஆனாலும் கேட்டேன். அவளுக்குச் சொல்லாத ஒன்று ஏதாவது இருக்கிறதா என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஊருக்குத் திரும்பிப் போகும்போது நர்ஸ் மறுபடியும் என்னைக் கட்டிப்பிடித்து, அடுத்த முறை நீ நிஸ்வாவுக்கு வரவேண்டும், நானே எல்லாம் காட்டுகிறேன் என்றாள். நல்ல பெண். நல்ல பெண்ணாக இருப்பதுதான் எனக்குப் பெரிய கஷ்டம்.

கடந்த டிசம்பர் விடுமுறையில் மகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு மஸ்கட்டுக்குப் போனேன். போவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே, “நிஸ்வா வேணாம்” என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கைபேசியில் வரைபடத்தை நானே பார்த்து, மலையடிவாரத்தில் இருக்கிற அல் ஹம்ராவைத் தெரிவு செய்தேன். நிஸ்வாவிலிருந்து அது ஒன்றும் அதிக தூரமில்லை என்று போன பிறகுதான் தெரிந்தது. மூன்று நாட்கள் அங்கே அறை எடுத்தோம். அவர் காசில் வாங்கிய புதுச் சப்பாத்து என் குதிகாலைக் கடித்தது. எங்கள் ஊர்ப் பக்கம் கால் வைத்தால் மண் அமுங்கும். அங்கே கல் உருண்டு ஓடும். ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் வாய் வறண்டுவிட்டது. “தண்ணி குடி, தண்ணி குடி” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கை கொடுக்க வந்தபோது வேண்டாம் என்றேன், அடுத்த பாறையில் நானே கேட்டு வாங்கினேன்.

பாதி மலையில் உட்கார்ந்திருந்தபோது அவருடைய கைபேசி மணி அடித்தது. அவளுடைய செய்தி. எந்த ஊரில் தங்கியிருக்கிறீர்கள், படம் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தாள். அவர் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

“என்ன சொல்ல?” என்றார்.

“எறங்கினதுக்கு அப்புறம் சொல்லிக்கலாம்” என்றேன்.

கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். நான் முன்னால் நடந்தேன்.