பரிசத்து அதிரசம் கசந்த காரணம்

அக்காவின் முதலாண்டுத் திதிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் தோட்டத்து லய வீடுகளின் மக்களுக்கும் தங்கை எழுதுவது. நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. அதனால் எழுத்தில் சொல்கிறேன்.

அக்கா ஓப்பநாயக்கவுக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில் பிறந்தார். ஐந்தாம் வகுப்போடு நின்று கொழுந்து பறிக்கப் போனார். அத்தான் இறந்தபின் ஒரே மகளைத் தனியாக வளர்த்தார். மழையில் நனைந்து வந்தாலும், பக்கத்துக் காம்பரா வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் சேலை மாற்றுவார். கல்யாணம், தீபாவளி என்றால் அதிரசப் பாகு காய்ச்ச நான்கு லயங்களிலிருந்தும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பதம் சொல்வார்.

அந்தப் பெயரைக் கெடுத்தவள் நான்.

அக்கா மகளுக்குப் பரிசம் போடக் கொடகவெலயிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வர இரண்டு நாள் இருந்தது. அக்கா மாவை இடித்துச் சலித்து வைத்துவிட்டு, கித்துல் பனங்கருப்பட்டி உருகிக்கொண்டிருந்த சட்டியை என்னிடம் விட்டுவிட்டு, பெரிய எண்ணெய்ச் சட்டி இரவல் வாங்கப் போனார்.

"கிண்டிக்கிட்டே இருடி. கண்ண எடுக்காத."

வாசலில் மகள் பரிசத்தன்று உடுத்த வாங்கிய சேலையைப் பிரித்துக் காட்டினாள். பார்க்க எழுந்து போனேன். திரும்பியபோது பாகு கறுத்துப் புகைந்துகொண்டிருந்தது.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். உருகுவதும் கரைவதும் பௌதிக மாற்றம், பழையபடி திரும்பும் என்று விஞ்ஞானப் பாடத்தில் படித்தது ஞாபகம் வந்தது. உருகிய கருப்பட்டிதானே என்று ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றினேன். இளகியது. மறுபடி பதம் வரும்வரை காய்ச்சினேன். நிறமும் மணமும் மாறிவிட்டால் அது இரசாயன மாற்றம், வேறொரு பொருள் உண்டாகிவிட்டது என்று அதே பாடத்தில் இருந்தது. அதை நினைத்துப் பார்க்க நான் விரும்பவில்லை.

அக்கா வந்ததும், "என்னடி கருகின வாடை?" என்றார்.

"வெறகு ஈரம்க்கா. அதான் பொகை."

"பதம் பாத்தியா?"

"பாத்தேன்."

நம்பி மாவில் ஊற்றினார். கித்துல் கருப்பட்டி எப்படியும் கறுப்பு, நிறம் காட்டிக்கொடுக்கவில்லை. சாமிக்குப் படைக்கும் முன் ருசி பார்ப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. சுட்ட பிறகும் அவர் வாயில் வைக்கவில்லை.

பரிசத்தன்று படைத்த தட்டு நேராக மாப்பிள்ளை வீட்டாரிடம் போனது. ஒரு கடி கடித்த மாப்பிள்ளையின் அம்மா, "என்னங்க சம்பந்தி, வேப்பெண்ணெயில சுட்டீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா ஒரு துண்டை வாயில் போட்டார். என்னை ஒரு தடவை பார்த்தார்.

"என் கைத்தப்புங்க. பேச்சு பராக்குல பதத்த வுட்டுட்டேன்."

நான் வெறும் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மறுநாள், பாகுச் சட்டியின் அடியில் ஒட்டிய கரியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தபடி சொன்னார்: "உப்பு தண்ணியில கரைஞ்சா வத்த வச்சி எடுத்துறலாம். நெய் ஒறஞ்சா உருக்கிக்கலாம். கருகினது வேற சாமான்டி. பத்தாவது வரைக்கும் இத சொல்லித் தரலயா?"

சொல்லித் தந்திருந்தார்கள். அவர் கையிலிருந்த சட்டியை வாங்கி நான் தேய்த்தேன்.

அதன்பின் பாகு காய்ச்ச அக்காவை யாரும் கூப்பிடவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "இப்ப கண்ணு சரியா தெரியலங்க" என்பார். கடைசிவரை ஊசியில் நூல் கோர்த்த கண் அது.

சிறுநீரக நோயோடு பலாங்கொடை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, "அக்கா, அந்தப் பாகு..." என்று தொடங்கினேன்.

"வுடுடி. புள்ள நல்லாத்தானே இருக்கா."

அவர் விட்டுவிட்டார். அன்று சிரித்தவர்களுக்கு இன்றுவரை தெரியாது. இதை வாசிக்கும் உங்களில் பலரும் அன்று அங்கே இருந்தவர்கள். கசந்தது என் கைப் பாகு. சம்பந்தியம்மாவும் இதை அறிய வேண்டும்.

அக்காவை லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்களுக்கும், கவனித்த தாதிமாருக்கும், குழி வெட்டிய லயத்து ஆட்களுக்கும், சாவு வீட்டில் அடுப்பு எரியாத மூன்று நாளும் சோறு சமைத்து அனுப்பிய கீழ்க் கிராமத்துச் சிங்களக் குடும்பங்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

திதிப் படையலுக்கு அதிரசம் நானே சுடுகிறேன். பாகு கருகினால் கொட்டிவிடுவேன், தண்ணீர் ஊற்றமாட்டேன். படைக்கும் முன் ஒன்றை நானே தின்று பார்ப்பேன். வழக்கத்தை மீறுவதற்கு அக்கா பொறுத்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகுதான் அது உங்கள் இலைக்கு வரும்.