ரங்கசாமி அண்ணன் கட்டிய மூன்றாவது சங்கிலி

கனரக வாகன உரிமத்துக்கு மருத்துவச் சான்றிதழ் வாங்கப் போயிருந்தேன். ஐம்பத்தொரு வயதில் இது எதற்கு என்று மருத்துவர் கேட்கவில்லை. இடது கண்ணை மூடிக்கொண்டு எதிரே உள்ள எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். அப்போது கைப்பேசி அடித்தது. காரமடையிலிருந்து ரங்கசாமி அண்ணனின் மனைவி. "அவரு போயிட்டாருங்ணா" என்றார். அதற்குமேல் எனக்கு எழுத்துகள் தெரியவில்லை.

நம் ஆலையில் அவரோடு வேலை பார்த்த உங்களில் பலர் அன்று என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எந்த ரோட்டுல?" என்பதுதான். ரோட்டில் இல்லை. விடுப்பு நாளில், மதியச் சாப்பாட்டுக்குப் பின், சொந்தக் கட்டிலில் நெஞ்சுவலி. ஆறு வருடமாக அவரை எச்சரித்து வந்தவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான். எனக்கோ பயம் கூடியது. சாவு லாரியில்தான் இருக்கிறது என்று நம்பிக் கட்டிலில் நிம்மதியாகத் தூங்கி வந்தவன் நான்.

ஆலையில் விருப்ப ஓய்வு கொடுத்தபோது மற்றவர்கள் காப்பீட்டு முகவர்களாகவும் மனைத் தரகர்களாகவும் ஆனார்கள். வாயிற்கூண்டில் எழுத்தராக இருந்த இவர் மட்டும் ஐம்பத்து நான்கு வயதில் உரிமம் எடுத்து, உக்கடத்தில் இரும்பு வியாபாரம் செய்யும் பாய் ஒருவரின் ட்ரெய்லரில் ஏறினார். பக்கப் பலகை எதுவும் இல்லாத, நீண்ட தட்டு லாரி. காரணம் கேட்டேன். "முப்பது வருசமா எந்த வண்டி எப்ப வந்துச்சு, எப்ப போச்சுன்னு எழுதிட்டே இருந்தேனுங்க. ஒருக்கா நானே வந்துட்டுப் போலாம்னுதான்" என்றார்.

போன வருடம் ஆலையை முழுதாக மூடினார்கள். ஸ்டோர்ஸில் இருந்த நானும் யோசிக்க ஆரம்பித்தேன். லாரி வேலையில் முன்னால் மேலாளர் இல்லை, பின்னால் சரக்கு மட்டுமே என்பது பெரிய ஈர்ப்பாக இருந்தது. அவர் செய் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரு நடை கூட வந்து பாருங்கள் என்றார். இரண்டு மாதம் முன்பு ஓசூரில் இரும்புக் குழாய்கள் ஏற்றிக்கொண்டு கோவைக்குப் புறப்பட்டோம்.

குழாய்களின் முனைகள் எங்கள் பிடரிக்குப் பின்னால் இருந்தன. நடுவில் ஓர் இரும்புத் தடுப்பு. வண்டி நின்றாலும் சரக்குக்கு நிற்கத் தெரியாது என்பதை, ஊர்க்கதை பேசுவதுபோல அவர் எனக்கு விளக்கினார். நான் தண்ணீர் குடித்துக்கொண்டே வந்தேன்.

தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டினார். அது அவருடைய வழக்கம். இறங்கிப்போய் ஒவ்வொரு சங்கிலியையும் கம்பியால் தட்டுவார். கணீரென்றால் இறுக்கம், சத்தம் மழுங்கினால் தளர்வு. அன்று வலப்பக்கம் அவரும் இடப்பக்கம் நானும் தட்டினோம். என் பக்கத்தில் மூன்றாவது சங்கிலி மழுங்கியது. கையால் ஆட்டினேன், ஆடியது.

அது அவரே கட்டிய சங்கிலி. மூத்தவர் கட்டியதை ஆடுகிறது என்று எப்படிச் சொல்வது? 'தப்பா நெனைக்காதீங்க' என்று தொடங்குவதா, 'எனக்கொண்ணும் தெரியாதுங்க, இருந்தாலும்' என்று தொடங்குவதா என்று வாக்கியம் கோத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் ஏறிவிட்டார். நானும் ஏறினேன். எல்லாம் சரிதானே என்று கேட்டார். சரிதானுங்க என்றேன்.

பாதி இறக்கத்தில் முன்னே போன கார் சட்டென்று வேகம் குறைத்தது. அவர் பிரேக்கை மிதித்தார். பின்னால் இரும்பு இரும்பின் மேல் உரசும் சத்தம் நீளமாக வந்து, என் தலைக்குப் பின்னால் தடுப்பில் மோதி நின்றது. வண்டியை மெல்ல ஓரம் சேர்த்துவிட்டு இருவரும் இறங்கிப் பார்த்தோம். ஒரு குழாய் இரண்டு முழம் முன்னே வந்து, தடுப்பைப் புடைக்கச் செய்திருந்தது. புடைப்பு நான் உட்கார்ந்திருந்த பக்கம்.

"ஏனுங்க, தட்டும்போது தெரிஞ்சுதுங்களா?"

"தெரிஞ்சுதுங்ணா."

"அப்பறம் ஏன் சொல்லுல?"

"நீங்க கட்டுனதாச்சுங்களே."

அவர் சங்கிலியை இறுக்கி முடித்தபின் சொன்னார்: "நானும் அந்தப் பக்கம் வந்து ஒருக்கா தட்டிப் பாத்திருக்கோணும். உங்கள நம்புலீன்னு நெனச்சுக்குவீங்களோன்னு வரல. மரியாதைய ரோட்டோரம் எறக்கி வெச்சுப்போட்டுத்தானுங்க ஏறோணும்."

கோவை வரும்வரை முதுகைச் சாய்க்காமலே உட்கார்ந்து வந்தேன். இந்த வேலை எனக்கு வேண்டாம் என்று அன்றே தெரிந்துவிட்டது. ஆனால் அழைத்துப்போய்க் காட்டிய மனிதரிடம் அதைச் சொல்லும் துணிச்சல் வரவில்லை. பாக்கலாமுங்க என்றேன். அந்தப் பாக்கலாம்தான் என்னை மருத்துவர் முன்னால் இடது கண்ணை மூட வைத்தது.

எரியூட்டிவிட்டு வந்தபின், வீட்டு வாசலில் பாய் என்னைத் தனியே அழைத்தார். அண்ணன் என்னைப் பற்றி அவரிடம் சொல்லியிருந்தாராம். உரிமம் வந்ததும் வண்டியை எடுத்துக்கொள்வீர்களா என்று, துக்க வீடு என்பதால் மிகவும் தயங்கித் தயங்கிக் கேட்டார். பாக்கலாமுங்க என்பது என் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.

"இல்லீங்க பாய். எனக்குப் பயமா இருக்குது. நான் ஓட்டுல" என்றேன்.

அவர் வருத்தப்படவில்லை. இப்பவே சொன்னது நல்லதாப் போச்சுங்க என்றார். இதற்கு முன் நானாக இப்படி ஒன்றைச் சொன்னதில்லை. ரங்கசாமி அண்ணனிடமிருந்து என்னிடம் எஞ்சியிருப்பது அந்த ஒரு பதில்தான். அடுத்த மாதம் என்ன வேலைக்குப் போவேன் என்று மனைவி கேட்கிறாள். தெரியவில்லை என்று அவளிடமும் உள்ளபடியே சொல்லிவிட்டேன்.