பிற்பாட்டுக்கு ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமை

ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் நான் எங்கே போகிறேன் என்பது என் மருமகனுக்குத் தெரியும், சம்பந்திக்குத் தெரியாது. றிச்மண்ட் ஹில் கோயிலில் வேட்டி சால்வையோடு முன்வரிசையில் நிற்கிற என்னைத்தான் அவருக்குத் தெரியும். அதே ஆள் ஒரு ஐரிஷ் பப்பின் மூலையில், பிடில்காரருக்கும் புல்லாங்குழல்காரருக்கும் நடுவில் குந்தியிருந்து டோல்கி தட்டுகிறான் என்று யாராவது சொன்னால் அவர் நம்பமாட்டார். நம்பாமல் இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது. என் மகள் அந்த வீட்டில் வாழவேண்டும்.

நான் படித்தவன் இல்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் அதை விட்டேனா என்பதில் இன்றைக்கும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ரெக்ஸ்டேலில் இருந்து ஸ்ரௌவ்வில் வரைக்கும் போய் விசாரித்துப் பாருங்கள். தரைக்கு ரைல் பதிக்கிற வேலைக்கு முதலில் சொல்லப்படுகிற பெயர் என்னுடையதாகத்தான் இருக்கும். ஒரு பழைய வான் வண்டியோடு தொடங்கினேன். இப்போது சில காலை வேளைகளில் என் பெயர் எழுதிய வானுக்குப் பின்னாலேயே நான் ட்ரபிக்கில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். இவ்வளவும் என் கையால் தேடியது. ஒருவரும் தூக்கிவிடவில்லை. இந்தப் பப்புப் பழக்கம் ஒன்றுதான் நான் தேடாமல் கிடைத்த சொத்து. அது மாமா தந்தது.

நாங்கள் மட்டக்களப்பில் இருந்து வந்து ரொறன்ரோவில் இறங்கியபோது எனக்குப் பதினொரு வயது. அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா, மூன்று பேர்தான். நகரத்தின் நடுவில் ஒரு உயரமான கட்டடத்தில், எலிவேற்றர் வேலை செய்கிற நாட்களில் சொர்க்கமாகவும் மற்ற நாட்களில் மலையாகவும் இருந்த ஒரு ஒற்றை அறை வீடு. அப்பா பிறகு வருவார் என்று அம்மா சொல்லியிருந்தார். ஊரில் ஒருநாள் காலை வேலைக்குப் போன அப்பா வீடு திரும்பவில்லை. அம்மா ஏறி இறங்காத ஆமி முகாம் இல்லை. இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆனாலும் பிறகு வருவார் என்றால் பிறகு வருவார்தானே என்று இருந்தேன். அம்மா சொல்லி நடக்காத காரியம் எதையும் அதுவரை நான் கண்டதில்லை.

அம்மா ஒரு ஹோட்டலில் படுக்கைத் துணி தோய்க்கிற பகுதியில் வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமையும் வேலைதான். மாமாவுக்கு எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பப்பின் கிச்சினில் கோப்பை கழுவுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தோடு அவருக்கு வேலை முடிந்துவிடும். ஆனால் மாமா வீட்டுக்கு வருவதில்லை. காரணத்தை முதலில் எனக்குத்தான் சொன்னார்.

“மனே, அங்க வெள்ளைக்காரனுகள் வட்டமாக் குந்திக்கொண்டு வாசிக்கிறானுகள். ஒருத்தனுக்கும் முன்னால கடதாசி இல்ல. ஒருத்தன் தொடங்க மற்றவன் பிடிக்கிறான். நம்மட கூத்துக் களரிதான், குளிருக்கு உள்ள வைச்சிருக்கிறானுகள்.”

ஊரில் மாமா வட்டக் களரியில் விடிய விடிய ஆடுகிற கூத்துக்கு மத்தளம் அடித்தவர், பாடவும் செய்வார். அவர் கோப்பை கழுவப் பிறந்தவர் இல்லை என்பது அவருடைய உறுதியான எண்ணம். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தங்களைப் பற்றி அப்படி ஒரு உறுதியான எண்ணம் உண்டு.

அடுத்த ஞாயிறு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சாப்பாடும் கொடுக்கிற இடம் என்றபடியால் பிள்ளைகள் இருக்கலாம். எனக்கு ஒரு தட்டு உருளைக்கிழங்குப் பொரியல். அம்மாவுக்கு நாங்கள் சொன்னது, லைபிறறிக்குப் போகிறோம் என்று. அம்மாவுக்குப் பெரிய சந்தோசம். மகன் ஞாயிற்றுக்கிழமையிலும் புத்தகம் படிக்கிறான் என்று வேலையிடத்தில் சொல்லிக்கொண்டாராம்.

அந்த வட்டத்தில் இருந்தவர்களுக்குத் தலைவி ஒரு பிடில்காரி. மெலிந்த, நரைத்த பெண்மணி. மாமாவைக் கிச்சினில் கண்டு பழகியவர் என்பதால் ஒரு தோல் மேளத்தைத் தூக்கி அவர் மடியில் வைத்தார். மாமா குச்சியைத் தள்ளிவிட்டுக் கையால் அடித்தார். சும்மா சொல்லக்கூடாது, அந்த இடம் எழும்பி நின்றது. பக்கத்து மேசைக்காரர் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகுதான் சிக்கல். எங்கள் கூத்தில் பாட்டை முடிப்பது மத்தளம். கடைசியில் தீர்மானம் என்று ஒரு அடி வைப்பார்கள். அது விழுந்தால் ராசாவும் நிற்கவேண்டும், மந்திரியும் நிற்கவேண்டும். இவர்களுடைய சங்கதி வேறு. மெட்டு சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். தொடங்கியவர் எப்போது காலைத் தூக்கிக் காட்டுகிறாரோ அந்தச் சுற்றோடு முடியும். மாமாவுக்கு இது தெரியாது. போதும் என்று அவருக்குப் பட்டதும் தீர்மானம் வைத்தார். பாதிப்பேர் திடுக்கிட்டு நின்றார்கள். மீதிப்பேர் போய்க்கொண்டிருந்தார்கள். புல்லாங்குழல்காரர் நிற்கவும் முடியாமல் போகவும் முடியாமல் இருமத் தொடங்கிவிட்டார். அடுத்த மெட்டிலும் அதே கூத்து.

வரும் வழியில் நான் அந்தக் கால் விசயத்தைச் சொன்னேன். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“காலத் தூக்கினா முடியிறதோ? நாய்க்குத்தான் மனே கால் தூக்கினா அலுவல் முடியும். மத்தளம் சொல்லாமப் பாட்டு முடிஞ்சா அது பாட்டோ?”

அடுத்த கிழமையும் மாமா பல மெட்டுகளை நடுவழியில் இறக்கிவிட்டார். எழும்பப்போகிற நேரம் பிடில்காரி அவர் தோளில் கைவைத்து, கை நன்றாக இருக்கிறது, குரல் எப்படி என்று பார்க்கவேண்டும், வருகிற ஞாயிறு உன் நாட்டுப் பாட்டு ஒன்று பாடு என்றார். மேளத்தை அவர் கையில் இருந்து வாங்க அந்தப் பெண்மணி கண்டுபிடித்த மரியாதையான வழி அது. மாமாவுக்கோ அரண்மனையில் இருந்து ஓலை வந்த மாதிரி. அந்தக் கிழமை முழுக்கக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பாடிப் பார்த்தார்.

அதற்கிடையில் எங்கள் கட்டடத்து அன்ரி ஒருவர் அம்மாவைக் கண்டு, “உங்கட தம்பியும் மகனும் ஒவ்வொரு ஞாயிறும் பியர் விக்கிற இடத்துக்குள்ள போகினம், எதுக்கும் சொல்லி வைக்கிறன்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

அம்மா சத்தம் போடவில்லை. கட்டிலுக்குக் கீழே இருந்த மாமாவின் சூட்கேஸை இழுத்து வாசலில் வைத்தார்.

“தம்பி, இன்னொருக்கா அந்தக் கள்ளுத் தவறணைக்குள்ள கால் வைச்சியெண்டா இது வெளியில போகும். நீயும் இதோட போகலாம். புள்ளையக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாய், என்ன மனிசன் நீ?”

“அக்கா, நான் குடிக்கிறல்ல கா. பாட்டுத்தான்.”

“பாட்டு! மறுகா என்ன, ஆட்டமும் இருக்கோ?”

சூட்கேஸ் வாசலிலேயே இருந்தது. அதைத் தாண்டித்தான் நான் பள்ளிக்கூடம் போனேன், தாண்டித்தான் வந்தேன். மாமா போய்விட்டால் அந்த வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அம்மா வேலையால் வந்தால் கதைக்கமாட்டார். சிரிக்கிற ஆள் மாமா ஒருவர்தான். இரவில் படுத்துக்கொண்டு, மாமா பாடப் போகக்கூடாது என்று எல்லாக் கடவுளையும் கும்பிட்டேன்.

ஞாயிறு வந்தது. அம்மா வேலைக்குப் போனார். மாமா தலைக்கு எண்ணெய் வைத்து வழித்து வாரினார். என்னைப் பார்த்தார். “சொல்லு குடுத்திட்டன் மனே” என்றார். நானும் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு பின்னால் போனேன்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. எல்லோரும் சேர்ந்து வாசிக்கிறபோது நீங்கள் கதைக்கலாம், சிரிக்கலாம், கோப்பையை மோதலாம். ஒருவர் தனியாக வாய் திறந்து பாடத் தொடங்கினாலோ கடை முழுவதும் அடங்கிவிடும். பார்க்காரர் கிளாஸ் துடைப்பதைக்கூட நிறுத்திவிடுவார். அதுதான் பாடுகிறவருக்கு அவர்கள் கொடுக்கிற மரியாதை.

மாமா எழும்பி நின்றார். கண்ணை மூடினார். எங்கள் ஊர்க் கூத்தில் ராசா போருக்குப் புறப்படுகிற இடத்துப் பாட்டு.

“ஆறு கடந்து போறேன் மயிலே,
அந்தி சாயுமுன் வாறேன்.”

பாடிவிட்டு நிறுத்தினார்.

கூத்துப் பாட்டைத் தனியாகப் பாட முடியாது. ஒருவர் ஒரு வரி பாடினால், பின்னால் நிற்கிறவர்கள் அந்த வரியை வாங்கித் திருப்பிப் பாடவேண்டும். பிற்பாட்டு என்று அதைச் சொல்வார்கள். அது வந்தால்தான் பாடுகிறவர் அடுத்த வரிக்குப் போவார். மாமா அந்தக் கிழமை முழுக்கப் பழகியதில் இதை யோசிக்கவே இல்லை. அவருக்குப் பின்னால் எப்போதும் ஆட்கள் நின்றிருக்கிறார்கள். இங்கேயும் நிற்பார்கள் என்றே அவருடைய தொண்டை நினைத்துவிட்டது. இவர்களோ மரியாதைக்கு மூச்சுக்கூட விடாமல் இருந்தார்கள்.

மாமா கண்ணைத் திறந்தார். அதே வரியை இன்னொருக்காப் பாடினார். காத்திருந்தார். ஒரு சத்தமும் இல்லை. எல்லோரும் இன்னும் கூடுதலான மரியாதையோடு அவரைப் பார்த்தார்கள். கோப்பை கழுவுகிற இடத்தில் அத்தனை நாள் நின்றபோதுகூட மாமா அவ்வளவு தனியாக இருந்திருக்கமாட்டார். அவர் நெற்றியில் எண்ணெயும் வேர்வையும் சேர்ந்து வடிந்தது.

அப்போது கதவு திறந்து குளிர் வந்தது. திரும்பிப் பார்த்தேன். அம்மா.

வேலையிடத்தில் பாதி நேரத்தில் விட்டுவிட்டார்களாம். வீட்டில் எங்களைக் காணாமல், லைபிறறியிலும் தேடிவிட்டு வந்திருக்கிறார். சேலைக்கு மேலே ஆண்களின் ஜக்கெற், காலில் சப்பாத்து முழுக்கப் பனி. ஏசுவதற்கு வாயைத் திறந்தபடி உள்ளே வந்தவரைப் பார்த்துப் பார்க்காரர் உள்ளங்கையைக் காட்டி மறித்தார். பாட்டு நடக்கிறது, முடியும் வரைக்கும் நில். அந்த மறிப்புக்கு அம்மா ஏன் கட்டுப்பட்டார் என்று எனக்குத் தெரியாது. நின்றார்.

மாமா அம்மாவைக் காணவில்லை. மூன்றாம் முறையும் அந்த வரியைப் பாடினார். குரல் உடைந்துபோயிருந்தது. இத்தோடு உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தேன்.

“ஆறு கடந்து போறேன் மயிலே,
அந்தி சாயுமுன் வாறேன்.”

கதவடியில் இருந்து வந்தது. அம்மா பாடி அதுவரை நான் கேட்டதில்லை. தாலாட்டுப் பாடியிருப்பார், எனக்கு நினைவில்லை. இது தாலாட்டுக் குரலும் இல்லை. அடித்தொண்டையில் இருந்து, வரியின் கடைசியை நீட்டி, கூத்துக் களரியில் ஆண்கள் இழுக்கிறது போலவே இழுத்தார்.

மாமா திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வரிக்குப் போனார். அம்மா வாங்கினார். அதற்கடுத்த வரி. அம்மா வாங்கினார். பிடில்காரிக்கு அப்போது விசயம் விளங்கிவிட்டது. மெதுவாக வில்லை வைத்து மெட்டைப் பிடித்தார். புல்லாங்குழல் சேர்ந்தது. பாட்டு சுற்றி முதல் வரிக்கு வந்தபோது அந்த மேசையில் இருந்த எல்லோரும் பிற்பாட்டு எடுத்தார்கள். அவர்களுக்குப் பிடிபட்டது கடைசிச் சொல் ஒன்றுதான். வாறேன், வாறேன் என்று அந்த வெள்ளைக்காரர்கள் அத்தனை பேரும் சத்தமாகப் பாடினார்கள். மேசையில் தட்டிப் பாடினார்கள்.

அம்மா பாடுவதை நிறுத்திவிட்டார்.

பாட்டு முடிந்தபோது கடை அதிர்ந்தது. பிடில்காரி எழும்பிவந்து அம்மாவுக்குக் கதிரை போட்டார், தேத்தண்ணி வந்தது. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். குடிக்கவில்லை. ஆறியதும் மேசையில் வைத்துவிட்டு எழும்பினார். நாங்களும் எழும்பினோம்.

அந்தக் கூத்தில் பிற்பாட்டுக்கு முதல் குரல் என் அப்பாவுடையது என்பதை, எனக்குக் கல்யாணம் முடிந்து பிள்ளையும் பிறந்த பிறகு, எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். “மாமன் பாட மச்சான் வாங்குவார். கொப்பர் இழுக்கிற இழுவைக்கு ஆத்துக்கு அங்கால இருந்தும் சனம் வரும்” என்றார். அம்மா அப்போது உயிரோடு இல்லை. கேட்பதற்கு மாமா இருந்தார், நான் கேட்கவில்லை.

அன்றைக்கு எனக்கு இருந்த கவலை வேறு. பனியில் மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். எலிவேற்றர் அன்றைக்கு வேலை செய்தது. மேலே போகப் போக நான் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். கதவைத் திறந்ததும் அம்மா குனிந்து சூட்கேஸைத் தூக்கினார். மாமா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். அம்மா அதைக் கொண்டுபோய்க் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். தள்ளிவிட்டு, நிமிராமலே சொன்னார்.

“போறதெண்டாப் போ. இவனையும் கூட்டிக்கொண்டு போ. அந்தப் பாட்ட மட்டும் இனிப் பாடாத தம்பி.”

“ஓம் அக்கா” என்றார் மாமா. பகிடி விடாமல் அவர் சொன்ன பதில் ஒன்றை அன்றைக்குத்தான் கேட்டேன்.

எனக்கோ துள்ளிக் குதிக்கவேண்டும் போல இருந்தது. மாமா எங்கேயும் போகப்போவதில்லை; ஞாயிற்றுக்கிழமை பப்புக்கும் போகலாம், லைபிறறி என்று பொய்யும் சொல்லத் தேவையில்லை. ஒரே ஒரு குறைதான். கடை முழுவதும் எழும்பிக் கைதட்டிய பாட்டு. இவ்வளவு நன்றாகப் பாடத் தெரிந்த அம்மாவுக்கு நல்ல பாட்டு எது என்று மட்டும் தெரியவில்லையே என்று, அன்றிரவு நான் உண்மையாகவே இரக்கப்பட்டேன்.